வேலாயியின் வலது கை

திருநீற்றுத் தட்டை என் மனைவி வேலாயியின் வலது கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மகள் பூரணி பாயோரம் மண்டியிட்டு, நெற்றியைத் தாழ்த்திக் காத்திருந்தாள். அவளுடைய துணி மூட்டை வாசலுக்குப் போயாயிற்று. மருமகன் செல்லசாமி குடையை ஊன்றிக்கொண்டு வெளியே நின்றார். அடுத்த பஸ்ஸைப் பிடித்தால்தான் இருட்டுவதற்குள் கொத்மலைக்குப் போய்ச் சேரலாம்.

வேலாயி கையைத் தூக்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் இதே கைதான் கோப்பையைப் பிடித்துத் தேத்தண்ணி குடித்தது. பாதி சிந்தியது, ஆனாலும் குடித்தது. அன்றைக்கே மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினேன். அத்தைக்குக் கை வந்துவிட்டது, இனிப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று.

சும்மா வரவில்லை, தங்கமான மனுஷன். பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இந்தப் பாழாய்ப்போன நோய் போன ஐப்பசி மழையில் கால் மரத்துப்போனதில் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் இடுப்பு, கை, கழுத்து என்று ஏறி நாக்கையும் முடக்கிவிட்டது. கண் மட்டும்தான் அசையும். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, உயிருக்குப் பயமில்லை, மெல்ல மெல்லத்தான் சரியாகும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டில் நான் ஒருத்தன். எனக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. சேதி கேட்டு ஓடிவந்தவள் பூரணி.

விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், ஆள் கணக்கில் நின்று, அம்மாவின் பேரில் கொழுந்தெடுப்பாள். கங்காணி கண்டும் காணாமல் விட்டுவிட்டார். பகலில் எங்கள் லய வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். சாயங்காலம் மழையில் ஊறி வந்ததும் என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்துவாள். அம்மாவைத் துடைத்து, புரட்டிப் போட்டு, தன் ஈரத் துணியையும் மாற்றிக்கொண்ட பிறகுதான் கதவு திறக்கும்.

ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. பெற்றால் இப்படி ஒரு மகளைப் பெற வேண்டும் என்று லயமே பேசியது. எனக்கும் பெருமைதான்.

ஆனால் அவளும் எத்தனை நாளைக்குத்தான் மாடாய் உழைப்பாள்? எனக்கும் தெம்பு இல்லை. வேலை முடிந்து வந்து பாயில் கிடப்பவளைப் பார்த்தால் சில நேரம் எரிச்சல்தான் முதலில் வரும், இரக்கம் பிறகுதான் வரும். எப்படியாவது இதெல்லாம் ஒரு முடிவுக்கு வந்தால் போதும் என்றிருந்தது. கட்டிக்கொடுத்த பெண் கட்டியவன் வீட்டில் இருக்கட்டும். கஞ்சியை வேலாயியே குடித்துக்கொள்வாள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதற்குத்தான் இந்தத் திருநீறு. பெற்றவள் கையால் நெற்றியில் வாங்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணும் படி இறங்க மாட்டாள்.

“பூசி விடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன்.

கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. சரி, நாமே உதவுவோம் என்று மணிக்கட்டைப் பிடித்துத் தட்டுப் பக்கம் இழுத்தேன். அவள் விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டாள்.

வராத கை மடங்காது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மருமகன் முன்னால் எதைச் சொல்வது? நானே பூசி அனுப்புகிறேன் என்று எழுந்தேன். அவர்தான் தடுத்தார்.

“வேணாம் மாமா. பெத்தவ கையால பூசாம கூட்டிட்டுப் போனா எங்கம்மா வாசப்படி ஏத்தாது. தீவாளி கழிச்சு வர்றேன்.”

கோபமே காட்டவில்லை. பூரணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். தேயிலை மலை வளைவில் அவர் மறையும்வரை நான் வாசலில் நின்றேன். இன்னும் எத்தனை மாதம் இதே பாடு என்று நினைக்கவே மலைப்பாக இருந்தது.

உள்ளே வந்து அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினேன்.

“ஒனக்குப் பீ மூத்திரம் அள்ளியே அந்தப் புள்ள சாகணுமா? ஒனக்கு ஆள் வேணும்னு அவ வாழ்க்கையக் கெடுக்கிறியா?”

பூரணி இன்னும் மண்டியிட்டபடியே இருந்தாள். “விடுங்கப்பா” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

வேலாயி மடக்கிய விரல்களைப் பிரித்தாள். தட்டில் தோய்த்து, நடுங்க நடுங்கத் தூக்கி, மகளின் நெற்றியில் பூசினாள். பாதி மூக்கில் கொட்டியது. பூசிய பிறகும் கையை எடுக்காமல் அவள் கன்னத்திலேயே வைத்திருந்தாள்.

பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தாள். இத்தனை மாதமாய் வெறும் முனகல் மட்டுமே வந்த வாய். எச்சில் ஒழுக, உதடு கோணி, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே போட்டாள்.

“புள்ள முதுகப் பாருங்க. அத்தனையும் சூடு வச்ச தழும்பு.”

பூரணி எழுந்து சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தாள். அப்படியே பின்வாங்கிப் போய், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.