ஒப்பிக்காத வாய்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் என் கூடப்பிறந்த தம்பி.

என் மகனுக்குப் பிறவியிலேயே பேச்சு கிடையாது. எங்கள் லுத்தரன் சபையில் ஞானோபதேசக் கேள்வி பதிலை எல்லார் முன்னாலும் ஒப்பித்தால்தான் திருவிருந்து அப்பம் தருவார்கள். என் பையன் கையால் சொல்லிக் காட்டினான். சபை மூப்பராக இருந்த தம்பி, "சத்தம் வரலியே" என்று தள்ளிவிட்டான்.

எல்லாரும் அப்பம் வாங்கப் போகும்போது என் பிள்ளை மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். வாங்காமலே ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

இப்போது தம்பிக்குப் பக்கவாதம். வாய் கோணிப் பேச்சு போய்விட்டது. அவன் மகள் வேதக் கல்லூரியில் பாடம் சொல்லும் போதகர். வேறு சில பெண்களோடு சேர்ந்து சபையின் சமாதானம் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியிருக்கிறாள். பேச்சில்லாதவர்களுக்கும் மேசையில் இடம் உண்டு என்று அதில் இருக்கிறதாம். சபையும் ஏற்றுக்கொண்டது. போன ஞாயிறு அவளே அப்பம் கொடுக்க வந்தாள்.

ஆராதனைக்கு முன்பே அவள் அங்கி மாற்றும் அறைக்குள் போய்விட்டேன்.

"அப்பனுக்கு வாய் போனதும் நியாயம் வந்துடுச்சாக்கும்?"

"வாங்க பெரியப்பா." கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "புத்தகம் குடுத்தனுப்பினேனே, படிச்சீங்களா? உங்க பிள்ளை, எங்கண்ணனை வெச்சுத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

"அந்தத் தலையணையை நான் எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள எனக்கே சாவு மணி அடிச்சிடுவாங்க. இன்னிக்கு உங்கப்பனுக்குக் குடுக்காதே. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நான் குடுப்பேன். அப்பா வாங்கமாட்டார்."

"ஏன், மக கையால வாங்க கௌரவக் குறைச்சலா?"

"யார் கையாலயும் வாங்கமாட்டார். நீங்க கடைசி பெஞ்சு, அவர் முதுகுதான் தெரியும். நான் பக்கத்துல முட்டி போட்டவ. அண்ணனை அடக்கம் பண்ணினதுலேர்ந்து, அப்பம் கிட்ட வந்தா வாயை இறுக்கிட்டுத் தலையை ஆட்டிடுவார். உங்ககிட்ட மன்னிப்புக் கேட்காம தொடமாட்டாராம்."

"வந்து கேட்கறதுக்கென்ன?"

"உங்க தெருமுனை வரைக்கும் வருவார். மனசு கூசித் திரும்பிடுவார். இப்ப கேட்க வாயில்ல பெரியப்பா."

வெளியே வந்தேன். அன்றைக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

தம்பியைத் தாங்கிப் பிடித்து முட்டி போட வைத்தார்கள். மகள் அப்பத்தோடு அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் என் பக்கம் திரும்பினான். உதடு துடித்தது. எச்சில் வழிந்தது. வெறும் காற்றுதான் வந்தது. விளங்குகிற ஒரு கை மட்டும் எழுந்து, என்னைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மகள் என்னைப் பார்த்தாள். நான் லேசாகத் தலையசைத்தால் போதும், வாங்கிக்கொள்வான்.

அசைக்கவில்லை. அவன் எனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி. வாயைத் திறந்து கேட்கட்டும்.