கரப்பானுக்கு ஓர் அஞ்சலி

கரப்பான் செத்த மறுநாளே பல்லி அஞ்சலிக் கட்டுரையோடு வந்து நின்றது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் அது தாமதமாக வந்ததே இல்லை. சமையலறைச் சுவரில் பத்திரிகை நடத்தும் எறும்பு வாங்கிப் படித்தது.

"அவருடைய கடைசி மூச்சு வரை நான்தான் பக்கத்தில் இருந்தேன். யாராவது காப்பாற்றுங்கள் என்று அவர் கதறியது இன்னும் காதிலேயே இருக்கிறது. வேறு யாரும் வரவில்லை."

எறும்புக்குக் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், பல்லியின் வாயோரத்தில் கரப்பானின் மீசை ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன சார் இது? நீங்களேதான் தின்றீர்களா?"

"கட்டுரையில் ஒரு வரி பொய் என்று காட்டுங்கள், எழுதுவதையே விட்டுவிடுகிறேன்."

"தின்றேன் என்ற வரி எங்கே? வாசகரை ஏமாற்றக் கூடாது சார். அதைச் சேர்த்தால்தான் போடுவேன்."

"தாராளமாகச் சேர்க்கிறேன்" என்றது பல்லி. "கீழே விழுந்த அவருடைய கால் ஒன்றை எந்த ஆசிரியர் குடும்பத்தோடு வந்து இழுத்துக்கொண்டு போனார் என்பதையும் எழுதிவிடட்டுமா?"

எறும்பு கட்டுரையை இன்னொரு முறை படித்தது.

"எதற்கு சார், நீளமாகிவிடும். இப்படியே முதல் பக்கத்தில் போட்டுவிடுகிறேன்."