சல்லடைக்குப் பின்னால்

“பாருங்க, போன மாசம் உங்க கடைக்குப் பெடிக்யூர் பண்ண வந்ததுக்குக் கிடைச்ச பரிசு!”

வாத்தியாரம்மா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தார். கணுக்காலுக்கு மேலே சிவந்து பழுத்த கொப்புளங்கள். அழகு நிலையத்தில் காத்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளியம்மா கல்லாவை விட்டு எழுந்து வந்தாள்.

“எங்க கால் ஊற வைக்கிற தொட்டியில குறையே கிடையாது மேடம். எல்லாம் இவளால வந்தது,” என்று பெடிக்யூர் செய்யும் பெண்ணைக் கைகாட்டினாள். “கழுவத் துப்பில்ல. இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

அந்தப் பெண் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“ஒவ்வொருத்தர் எழுந்ததும் மருந்து ஊத்தி ஊற வைக்கணும்னு நான் சொன்னப்போ, ‘தொட்டி ஊறினா வியாபாரம் காயும், தண்ணியை மட்டும் மாத்து’ன்னது யாரு அக்கா?”

“நான் எங்கடி சொன்னேன்? எல்லாத் தொட்டியும் பளிங்கு மாதிரி இருக்கு!”

“அப்படியா?”

ஓரத்துத் தொட்டியில் வெந்நீரை நிரப்பிப் பொத்தானை அமுக்கினாள். தண்ணீர் குமிழியிட்டுச் சுழன்றது.

“உட்காருங்க. உங்க காலை வைங்க. வச்சுட்டா, தப்பு என்னோடதுன்னு இவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு நானே போயிடறேன்.”



முதலாளியம்மா வீம்பாகச் செருப்பைக் கழற்றினாள். சுழலும் தண்ணீருக்குள், தண்ணீரை உறிஞ்சும் துளையை மூடியிருந்த சல்லடை மூடி தெரிந்தது. முன்பு ரிப்பேர்காரர் ஒரு மூடியைக் கழற்றியபோது, முடியும் செத்த தோலும் சளிபோல் வழிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, “முதல்ல அதை மாட்டுப்பா” என்றவள் இவள்தான். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

“நேத்துதான் நகத்துக்குச் சாயம் பூசினேன்...” என்று செருப்பைத் துழாவினாள்.

காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

“எங்கே வச்சுடப் போறீங்களோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறல்தான் அக்கா.”

அந்தப் பெண் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தன் இரண்டு கால்களையும் அதே தண்ணீருக்குள் இறக்கினாள்.

“வாத்தியாரம்மா வர்ற நாளாச்சேன்னு, காலையில உங்க கண்ணுல படாம சல்லடையைக் கழற்றித் தேய்ச்சு, மருந்துல ஊறவிட்டுச் சுத்தம் பண்ணி வச்சது இந்த ஒரு தொட்டியைத்தான்!”