ஆறு கம்பி

அன்று கூட்டத்துக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேரா, பதினான்கு பேரா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கைதட்டல் நெடுநேரம் நீடித்தது, அது நிச்சயம்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓர் ஓட்டலின் சிறிய ஹால். பொறியாளர் வேலையை உதறிவிட்டுத் திகில் நாவல் எழுத வந்த பக்தவச்சலத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர்கள் நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசகர் வட்டத்தினர்.

அந்த நாவலில், கார் நிறுத்தும் தளத்துத் தூண்களில் எட்டுக் கம்பிக்குப் பதில் ஆறு கம்பி போட்டுக் கட்டுகிறார்கள். ஓர் ஐப்பசி மழையில் நாற்பத்தெட்டு வீடுகளும் சரிந்து விழுகின்றன.

"கடைசி அத்தியாயம் படிச்சிட்டு வீட்ல யாரும் தூங்கவே இல்ல சார்," என்றாள் வட்டத்தைச் சேர்ந்த ஹரிப்ரியா. எல்லோரும் சிரித்தார்கள்.

பக்தவச்சலம் சிரிக்கவில்லை. அந்த நாவலில் அவர் கற்பனை செய்தது மழையை மட்டும்தான். ஆறு கம்பியைக் கண்ணால் பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டவர் அவர். அந்தக் கட்டடம் இவர்களுடையது.

நேரில் சொல்லத் துணிவில்லாமல்தான் கதையாக எழுதினார். யாராவது கண்டுகொள்வார்கள் என்று நாலு வருஷம் காத்திருந்தார். பரிசுகள்தான் வந்தன. போன மாதம் செங்கல்பட்டில் ஓர் அதிகாரியிடம் வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். அந்த மனிதர் முழுவதையும் ரசித்துக் கேட்டுவிட்டு, அடுத்த நாவல் எப்போது வெளிவருகிறது என்றார்.

இன்று எப்படியும் சொல்லிவிடுவது, ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை என்றுதான் வந்திருந்தார். தூணைத் தொட்டுக் காட்டியே சொல்லலாம் என்று, கூட்டத்தைக் குடியிருப்பிலேயே வைக்கும்படி கேட்டிருந்தார். செயலாளர் நரசிம்மன்தான், அங்கே வேண்டாம், கடற்கரையில் காற்று நன்றாக வரும் என்று மறுத்துவிட்டார்.

ஏற்புரைக்கு எழுந்தவர் மைக்கைப் பிடித்தபடி பேசாமல் நின்றார். நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ இருமினார்கள். நரசிம்மன் எழுந்து வந்து, டீ குடித்துவிட்டுப் பேசலாம் என்று அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

அங்கே பக்தவச்சலம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். இன்றைக்கே வீடுகளைக் காலி செய்யுங்கள், முதலில் குழந்தைகளை வெளியே கூட்டிப் போங்கள் என்று மன்றாடினார்.

நரசிம்மன் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"தெரியும் சார். புக்கு படிச்ச வாரமே ஆள் வெச்சி தூண ஸ்கேன் பண்ணோம். ஆறுதான் இருந்துச்சி. லிஃப்ட்டு மேக்கால பாத்துகினு கீது, படி பதினேழுன்னு எல்லாத்தையும் அப்டியே எழுதிட்டு கதைன்னா எவன் சார் நம்புவான்?"

பக்தவச்சலம் ஹாலுக்குள் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ இவங்கல்லாம்?"

"ஒருத்தரும் அங்க இல்ல. நான் கேளம்பாக்கத்துல கீறேன். ஹரிப்ரியா செங்கல்பட்டு போய்ட்ச்சி. உள்ள குந்தினு கீற ரூத் டீச்சர் பொண்ணு வூட்டோட கீறாங்க. நாப்பத்தெட்டு குடும்பமும் தப்பிச்சோம், உங்க புண்ணியத்துல. இன்னாத்துக்கு இந்தப் பொன்னாடைன்னு நெனச்சீங்க?"

நாலு வருஷத்துக்குப் பிறகு பக்தவச்சலத்துக்கு மூச்சு முழுதாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டடம் காலியாகக் கிடந்தால் போதும், விழுந்தால் விழட்டும் என்றார்.

"காலியா ஏன் சார் கெடக்கும்? நாப்பத்தெட்டையும் வித்தாச்சி."

பக்தவச்சலத்தின் கையிலிருந்த டீ தளும்பிப் பொன்னாடையில் கொட்டியது. நரசிம்மன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"பேஜாராவாதீங்க சார். வாங்கினவங்க ஒருத்தருக்கும் தமிழ் படிக்க வராது."