நடுவிலிருந்த குமிழ்

இறந்துபோன தம்பி கடைசியாக வாசித்த பேஸ் கிடார் பதிவை, அக்கா கேட்பதற்காக ஒலிப்பதிவாளர் ப்ரீஆம்ப் என்ற ஒலி கூட்டிக்குறைக்கும் பெட்டி வழியாக ஓட்டினார். பேஸ் குமிழைக் கூட்டியதும் தரை கிடுகிடுத்தது. ட்ரெபிளைக் கூட்டியதும் கம்பியில் நகம் உரசுவது கேட்டது. இரண்டையும் தணித்துவிட்டு, நடுவிலிருந்த மிட் குமிழைத் திருப்பினார். யாரோ மூச்சு விட்டார்கள்.

“மைக்கே வைக்கலையேம்மா. கிடார்லேர்ந்து நேரா வயர்லதான் பதிவு பண்ணினோம்.”

“அவனோட இழுப்புங்க. எனக்குத் தெரியாதா?”

வாசிப்பு முடிந்தது. பதிவும் முடிந்து, திரையில் எண்கள் நின்றுவிட்டன. மூச்சு மட்டும் நிற்கவில்லை. அவர் அணைக்கக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மூச்சு மெஷினை நிறுத்தச் சொல்லி ஆஸ்பத்திரியில நான்தான் கையெழுத்துப் போட்டேன். மறுபடியும் என்னால முடியாதுங்க.”

அவர் ஓசைப்படாமல் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.