கன்ட்ரோலும் ஸ்பேஸும் போட்ட சண்டை

ஹாஜிராவின் கீபோர்டில் கன்ட்ரோலும் ஸ்பேஸும் குடியிருந்தார்கள். இருவரையும் சேர்த்து அழுத்தினால், அவள் நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும். ஒருநாள் கொடுக்கவில்லை.

மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் கன்ட்ரோலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நான் ஒழுங்கா அழுந்தினேன். காலை நீட்டிப் படுத்திருக்கிற நீதான் அசையல!"

"உன் சந்துல பிஸ்கட் தூள் அடைச்சிருக்கு. முதல்ல அதைப் பாரு," என்றாள் ஸ்பேஸ்.

பாவம், இருவர் மேலும் தப்பில்லை. ஹாஜிரா புதிதாகப் போட்டிருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருள் திரையோரம் உட்கார்ந்துகொண்டு, எடிட்டருக்குப் போகிற கட்டளையை வழியிலேயே விழுங்கிக்கொண்டிருந்தது. சண்டை மும்முரத்தில் யார் நிமிர்ந்து பார்த்தார்கள்?

ஹாஜிரா ஊதிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். கடைசியில் புதுக் கீபோர்டு வாங்கி, இவர்களை மேசை டிராயரில் போட்டு மூடினாள். உள்ளேயும் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மறுநாள் மேசைமேல் புதுக் கீபோர்டில் ஒரே கூச்சல். "நான் ஒழுங்கா அழுந்தினேன், நீதான் சோம்பேறி!" "நேத்து டப்பாவிலிருந்து வந்தவளைப் பார்த்தா சொல்ற?"

ஸ்பேஸ் மெல்ல வாயைத் திறந்தாள். "நாமளும் இப்படித்தான் கத்தினோமா?"

கன்ட்ரோல் கொஞ்சம் யோசித்தான்.

"சேச்சே, நம்ம சண்டையில ஒரு நியாயம் இருந்துச்சு."