மாற்று ஆள்

இன்றைக்கும் அவர் மொட்டைமாடியை விட்டு இறங்கவில்லை.

கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, காலை அகட்டி வைத்துக் கடலைப் பார்த்து நிற்கிறார். வீடு ஆடுமோ என்று பயந்தவர் மாதிரி.

மத்தியானம் தூங்கி எழுந்ததும் ஏறியவர். இப்போது பொழுது அடைந்துவிட்டது.

அவள் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலி உயிரை எடுத்தது.

கீழே மகன் பூட்டு வாங்கி வைத்திருக்கிறான். நேற்று கையைப் பிடித்து இழுத்தபோது அவர் ஒரு தள்ளு தள்ளினார். அப்பனும் மகனும் படியில் உருளாமல் தப்பியது மாதா புண்ணியம். நாளையிலிருந்து மாடிக் கதவு பூட்டுதான் என்று சொல்லிவிட்டான்.

அவனையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் கடலைக் காட்டாமல் அடைத்துப் போட்டால் இந்த மனுஷன் ஒடுங்கிப் போவார். அவளுக்குத் தெரியும். இன்று ஒரு நாள் தானாக இறங்கி வந்துவிட்டால், மகனிடம் பேசிப் பார்க்கலாம்.

இறங்கினால்தானே.

மீசை அரும்பும் வயதில் கப்பற்படைக்குப் போனவர். கல்யாணத்துக்குக் கிடைத்த லீவில் பாதியை ரயில் தின்றது. மூத்தவள் பிறந்ததைத் தந்தியில் தெரிந்துகொண்டார். ஒருவழியாக ஓய்வு பெற்று வந்தார். இனி வீட்டோடு கிடப்பார் என்று அவள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, விசைப்படகு வாங்கப் போவதாகச் சொன்னார்.

அப்புறம் தலை நரைக்கும்வரை மீன்தான்.

பாதி ஆயுளுக்கு மேல் அவள் தனியாகத்தான் படுத்தாள்.

இப்போது முழுசாகக் கரைக்கு வந்துவிட்டார். வந்தவருக்கு அவளைத் தெரியவில்லை. காலையில் காப்பி கொடுத்தால், “வீட்ல எல்லாரும் சொகமா?” என்று கேட்கிறார்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்றும் இருக்கும்.

படியில் உட்கார்ந்தே அவர் முதுகைப் பார்த்தாள். அந்த நிற்பைப் பார்க்கப் பார்க்க, அவர் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது.

கல்யாணமான புதிதில் பெருமையடித்துக்கொள்வார். கப்பலில் காவல் நிற்கிறவன் நேரம் முடிந்ததென்று நகர்ந்துவிட முடியாது. மாற்று ஆள் வர வேண்டும். வந்தவன் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று, கண் இருட்டுக்குப் பழகும்வரை கடலைப் பார்க்க வேண்டும். அப்புறம் விவரம் கேட்டு, ‘வாங்கிக்கிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகே முன்னவன் போகலாம். சொந்தப் படகிலும் அதே சட்டம்தான். கூட வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

மகன் எத்தனையோ நாள் கெஞ்சியிருக்கிறான், டூட்டி முடிஞ்சிட்டுப்பா, வாங்க என்று.

முடிந்தால் என்ன? ஆள் வரவில்லையே.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். அவருக்கு வலப்பக்கம் போய் நின்றாள்.

பேசவில்லை.

முதலில் எல்லாம் கருப்பாக இருந்தது. அப்புறம் நுரை தெரிந்தது. அப்புறம் வெகு தூரத்தில் இரண்டு விளக்குகள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

“தெக்கத்திக் காத்து,” என்றார். “சோத்தாங்கைப் பக்கம் ரெண்டு வள்ளம் கெடக்கு. நம்மள விட்டு வெலகித்தான் போவுது.”

அவள் தலையாட்டினாள்.

“கரையையும் பாத்துக்க, தம்பி. குருசடிப் பக்கத்துல ஒரு பொம்பளை ஒத்தையில நிப்பா. இருட்டினாலும் போவ மாட்டா, பிடிவாதக்காரி. எம் பொண்டாட்டிதான். அவளைக் கண்ணுல இருந்து விட்டுராத.”



சொல்ல வேண்டியது ஒரே சொல். அது வெளியே வர நேரம் பிடித்தது.

“வாங்கிக்கிட்டேன்.”

அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். யாரும் பிடிக்காமல், ஒவ்வொரு படியாகத் தானே இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து மகன் குரல் கொடுத்தான். அப்பா சாப்பிட்டுப் படுத்துவிட்டாராம். அவளையும் வரச் சொன்னான்.

அவள் போகவில்லை.

கரைப் பக்கம் திரும்பி நின்றாள். குருசடியில் சிலுவைக்கு மேல் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் வெறும் மணல்.

அவள் அங்கிருந்து கண்ணை எடுக்கவில்லை.